வீட்டுக்கும் கொஞ்சம் பொறுமை

என் அண்ணிக்கு அலுவலகத்தில் 'ஆமென் அக்கா' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அண்ணியின் பக்தி இல்லை, அலுப்பு.

வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அண்ணிக்கு வேலை. நீளமான ஒரு கூடம், தடுப்பு வைத்துப் பிரித்த மேஜைகள், காதில் ஹெட்போன். காலையிலிருந்து மாலைவரை யாராவது ஒருவர் திட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் வேலை முடிகிற நேரத்தில் ஒரு மனிதர் கூப்பிட்டார். தன் வீட்டு மெஷின் பாதியில் நின்றுபோனதில் ஆரம்பித்து, கம்பெனி, கம்பெனியின் முதலாளி, முதலாளியின் வம்சம் என்று ஒருவரையும் விடாமல் சபித்து, "உங்க கம்பெனியையே இழுத்து மூடிட்டுப் போகணும்" என்று முடித்தார். வீட்டில் ஜெபம் முடியும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். களைப்பில் அண்ணி "ஆமென்" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து மேஜைப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாளாம். போனில் அந்த மனிதர் சிரித்துவிட்டார். "சரிம்மா, எப்போ ஆளை அனுப்புவீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாராம். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

கோபமாக வருகிற அழைப்புகளை மற்றவர்கள் அண்ணி பக்கம் தள்ளிவிடுவார்கள். "ஆமென் அக்காவுக்குக் குடுத்துடு" என்பது அந்தக் கூடத்தில் வழக்கமான பேச்சு. அண்ணி குறுக்கே பேச மாட்டார். எதிர்முனையில் இருப்பவர் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்து, "சொல்லுங்க சார், துணி உள்ளேயே மாட்டிக்கிச்சா? தண்ணி வடியுதா இல்லையா?" என்று ஆரம்பிப்பார்.

"எப்படி அண்ணி தாங்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க என்னைத் திட்டலையே. நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. வீட்டுல துணி ஊறி நாறிக்கிட்டு இருக்கு, பிள்ளைக்கு நாளைக்கு யூனிபார்ம் இல்ல. யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க" என்றார். பிறகு, "கத்தறவங்களுக்காக உள்ளுக்குள்ள ஒரு வரி ஜெபம் பண்ணிக்குவேன். சில நாள் எனக்காகவும் பண்ணிக்குவேன், ஹெட்போனைத் தூக்கி எறிஞ்சிடக் கூடாதுன்னு" என்று சேர்த்துக்கொண்டார்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் நிற்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள், ஒரு சமையலறை, துணி காயப்போட மட்டும் போதுமான ஒரு பால்கனி. அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், அம்மா இறந்த பிறகு எங்கள் அப்பா. நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். கணவர் வேலையிலிருந்து வர நேரமாகும் என்பதால், பாதி மாலைப் பொழுது எனக்கு அந்த வீட்டில்தான்.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று சீருடையைக் கழற்றினாரே தவிர, பரிசோதனையை விடவில்லை. கேஸ் மூடியாச்சா, குழாய் மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா, வந்தது யாரு, எதுக்கு வந்தாங்க. காது மந்தம் வேறு. அண்ணன் வாங்கிக் கொடுத்த காது மெஷினை டிராயரில் போட்டுவிட்டார். "ஊர் வம்பையெல்லாம் கேக்கறதுக்கா?" என்பார். பதில் காதில் விழாததால் அதே கேள்வி திரும்ப வரும்.

அவர் சபைக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருந்தபோது பார்க்க வந்த சபை மூப்பர் ஒருவர், வராந்தாவில் அப்பாவின் தோளில் கை வைத்து, "உங்க விசுவாசம் பத்தல, அதான் அவங்களுக்குச் சுகம் கிடைக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவரிடம் ஒன்றும் பேசவில்லை. எங்களிடம் மட்டும் சொன்னார், "டிக்கெட் இல்லாம ஏறினவன்கிட்டகூட நான் இப்படிப் பேசினது இல்ல" என்று. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவர் ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. மாலையில் அண்ணி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால், அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். செய்தி வாசிக்கிறவருக்குப் போட்டியாக அண்ணி குரலை உயர்த்தி ஜெபம் பண்ணுவார். ஒரு நாளும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதில்லை.

"நீங்க அவர்கிட்ட கொஞ்சம் பேசிப் பாக்கலாமே அண்ணி" என்றேன்.

"அவருக்கு அங்க வலிக்குது. வலிக்கிற இடத்துல கையை வச்சு அழுத்தக் கூடாது" என்றார் அண்ணி.

இப்படியெல்லாம் பேசுகிறவர்தான் ஒரு நாள் கொதித்துவிட்டார்.

கோடைக்காலம். ஃபிரிட்ஜ்கள் வரிசையாகக் கெட்டுப்போகிற காலம், அதனால் அழைப்புகளும் அதிகம். அன்று மாலை அண்ணி படியேறி வந்து, செருப்பைக் கழற்றி, பையை வைத்து, முகம்கூடக் கழுவாமல் அடுப்பைப் பற்ற வைத்தார். நான் மேஜையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கதவு பூட்டியாச்சா?" என்று கேட்டார் அப்பா.

"பூட்டியாச்சு மாமா."

கொஞ்ச நேரம் போனது. "கதவு?"

"பூட்டியாச்சு."

அப்பா எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். "வெளிக்கதவைக் கேக்கறேன். பூட்டியாச்சா?"

அண்ணி கையிலிருந்த தட்டைச் சமையல் மேடையில் ஓங்கி வைத்தார். "பூட்டியாச்சு, பூட்டியாச்சு. இன்னும் எத்தனை தடவை சொல்லணும்? அந்த மெஷினை மாட்டிக்கிட்டா ஒரு தடவையில கேக்கும்ல? எனக்கு வாய் வலிக்குது மாமா."

அது மட்டும் அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் திட்டினா 'சொல்லுங்க சார், சொல்லுங்க மேடம்'னு கேட்டுக்கற. வீட்டுல ஒரு கிழவன் வாயைத் திறந்தா பொறுக்கல. உன் ஆண்டவர் ஆபீஸ் நேரத்துல மட்டும்தான் கூட இருப்பாரா?"

சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அண்ணி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து அண்ணன் மகள் டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். அம்மாவின் அலுவலகக் குரலை அப்படியே பிடித்து வைத்திருந்தாள்.

"ஹலோ, கம்ப்ளெயின்ட் பிரிவா? எங்க வீட்டுல அம்மா ரிப்பேர். சத்தம் ஜாஸ்தியா வருது. எப்போ ஆளை அனுப்புவீங்க?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் கையை நீட்டியபடி நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் அண்ணியும் நடந்து வந்தோம். கடைத்தெரு தாண்டியதும் அண்ணி ஆரம்பித்தார்.

"காலையில போகும்போது பொறுமை நிறைய இருக்கு. ஒவ்வொருத்தருக்கா ஊத்தி ஊத்தி, வீட்டுக்கு வரும்போது அடியில ஒண்ணும் இல்ல. முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் நல்லவளா இருக்கேன். கூட இருக்கறவங்களுக்கு இல்ல. மாமா கேட்டது சரியான கேள்விதான்."

"அவர் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டார் அண்ணி."

"கொஞ்சம் கம்மியா பேசினார்" என்றார் அண்ணி. "முதல்ல அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். அப்புறம், கேக்க வேண்டியவர்கிட்டயும் கேக்கணும். வீட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கன்னு."

வீட்டுக்குப் போனதும் அண்ணி கேட்டார். அப்பா ஜன்னல் ஓரமாக நாற்காலியில் இருந்தார். அண்ணி அவருக்கு எதிரில் போய் நின்று, "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க மாமா" என்றார்.

அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்ன?" என்றார்.

"மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்."

"ஆங்?"

அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மாமா, நான் கத்தினது தப்பு" என்று கட்டடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். இரண்டாவது மாடிக்காரர் பால்கனிக்கு வந்து மேலே எட்டிப் பார்த்தார்.

"கேட்டுச்சு" என்றார் அப்பா. "முதல் தடவையே கேட்டுச்சு."

அண்ணன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தார். அண்ணியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. அண்ணி ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி ஜெபம் பண்ணிக்கொண்டே நடந்து வர ஆரம்பித்தார். அலுவலகச் சத்தம் காதை விட்டு இறங்க அவ்வளவு தூரம் வேண்டும் என்பார். சில நாள் பலன் இருந்தது. சில நாள் இல்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். அந்த நாட்களில் அண்ணன் மகள் என்னிடம் ரகசியமாக, "அத்தை, இன்னைக்கு சர்வீஸ் கிடையாது" என்பாள்.

அந்தக் கோடையில்தான் அலுவலகத்துக்குப் புதிய மேலாளர் வந்தார். பழுது பார்க்கப் போகிற ஆட்கள் குறைவு, புகார்கள் அதிகம். கத்துகிறவர்களை அடக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். யார் கூப்பிட்டாலும், 'ஆள் கிளம்பிட்டார், இன்னைக்குள்ள வந்துடுவார்' என்று சொல்ல வேண்டும். அந்த வரி எல்லோருடைய கணினித் திரையிலும் பெரிய எழுத்தில் வந்து நிற்கும். பார்த்து வாசித்தால் போதும்.

முதல் நாள் அண்ணியும் வாசித்தார். சொல்லும்போது நாக்கில் ஏதோ இடறியது, ஆனால் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. மறுநாள் ஒரு பெண்மணி கூப்பிட்டார். வீடுகளில் சுத்தம் செய்கிற வேலையாம். ஆள் வருவார் என்று நம்பி, வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் கத்தவில்லை. "நீங்கதானேம்மா சொன்னீங்க, கிளம்பிட்டார்னு? உங்க குரல் எனக்கு ஞாபகம் இருக்கு" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"அந்தம்மா திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்" என்றார் அண்ணி என்னிடம். "நம்பியிருக்காங்க. அதைத்தான் தாங்க முடியல."

அந்தப் பெண்மணியிடம் அண்ணி, "நான் சொன்னது பொய்ம்மா. ஆள் கிளம்பல. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வர்றதுக்கு வழி இல்ல. நீங்க வேலைக்குப் போங்க" என்று சொன்னார். அதற்குப் பிறகு கூப்பிட்ட எல்லோரிடமும் உள்ளதை உள்ளபடியே சொன்னார். நிறையப் பேர் முன்னைவிட அதிகமாகக் கத்தினார்கள். அண்ணி கேட்டுக்கொண்டார்.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை என்று அண்ணி இன்றும் சொல்வார். அவருக்கும் மேலே ஒருவர் உட்கார்ந்துகொண்டு அவரை வறுத்துக்கொண்டிருந்தார்.

"இது பொய் இல்லம்மா, ஒரு ஆறுதல். நம்ம ஆளுங்க எப்படியும் ஒரு நாள் போகத்தானே போறாங்க" என்றார் மேலாளர்.

"ஆறுதல்னு நெனச்சு அவங்க வீட்டுலயே உக்காந்துடறாங்க சார். அன்னைக்குச் சம்பளம் போயிடுது."

"கூடத்துல இருக்கற எல்லாரும் சொல்றாங்க. அப்போ நீங்க ஒருத்தர்தான் யோக்கியமா?"

"அப்படி நான் நெனைக்கல சார். நானும் ஒரு நாள் முழுக்கச் சொன்னேன். மத்தவங்களைப் பத்தி நான் எதுவும் பேச வரல. திட்டு எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கறேன், எல்லாரோட அழைப்பையும் என் பக்கம் அனுப்புங்க. இந்த ஒரு வரி மட்டும் என் வாயில வராது. நான் கும்பிடறவர் அதைக் கேட்டுக்கிட்டு இருக்கார்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒரு வாரம் யோசித்தார். பிறகு அண்ணியைக் கீழ்த்தளத்துக்கு, உதிரி பாக அறைக்கு மாற்றினார். பழைய மெஷின்களிலிருந்து கழற்றி வந்த மோட்டார், பெல்ட், குழாய், கதவு ரப்பர் எல்லாவற்றையும் துடைத்து, தேறுவது தேறாதது பிரித்து அடுக்குகிற வேலை. ஜன்னல் இல்லாத அறை. சம்பளமும் கொஞ்சம் குறைந்தது.

பக்கத்து மேஜைப் பெண்ணுக்குக் கோபம். "ஒரே ஒரு வரிதானேக்கா. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? இனிமே கத்தறவங்க எல்லாம் எங்க தலையில" என்றாளாம். அது நியாயமான கோபம்தான் என்று அண்ணி ஒப்புக்கொண்டார். அவளுக்காகத்தான் ரொம்ப வருத்தப்பட்டார்.

வீட்டில் அண்ணனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க. அப்புறம் புருஷன் பேச்சை மீறின பாவமும் சேரும். எதுக்குங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் கோபத்தைத் தொடரப் பார்த்தார். முடியவில்லை. "பேசியே ஆளை மடக்கறா" என்று என்னிடம் புகார் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஏதோ நடந்திருக்கிறது என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முழுதாகக் காதில் விழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் தாழ்ந்த குரலில் பேசுவதுமாக இருந்தால் பரிசோதகருக்குச் சும்மா இருக்க முடியுமா? டிராயரைத் திறந்து துழாவினார். காது மெஷினை எடுத்து, சட்டையில் துடைத்து, தானாகவே மாட்டிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேலை செய்யல" என்றார்.

எடுத்ததே இல்லாததால் பேட்டரி செத்துப்போயிருந்தது. அண்ணன் ஈரத் தலையோடு மூன்று மாடி இறங்கிப்போய்ப் புதிய பேட்டரி வாங்கி வந்தார். அப்பா அதைப் போட்டுக்கொண்டு, அண்ணியை எதிரில் உட்கார வைத்து, பயணிகளை விசாரிக்கிற தோரணையில் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன சொல்லச் சொன்னார்கள், நீ என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார். அண்ணி எல்லாவற்றையும் சொன்னார்.

"வண்டி லேட்டுன்னா லேட்டுன்னு சொல்லணும்" என்றார் அப்பா. "ஜனங்க திட்டுவாங்க. திட்டட்டும். 'இதோ வருது, இதோ வருது'ன்னு சொல்லி கைக்குழந்தையோட பிளாட்பாரத்துல நிக்க வைக்கறது ரொம்பத் தப்பு." பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மெஷினைக் கழற்றவில்லை.

கீழ்த்தளத்து அறையில் அண்ணிக்கு முதலில் ஒன்றும் பிடிக்கவில்லை. கையெல்லாம் கிரீஸ். பேச ஆள் இல்லை. முகம் தெரியாத அந்த மனிதர்களை நினைத்துக்கொள்வார். எப்போதோ போனில் பிள்ளை பேர் சொல்லி அழுத ஒரு அம்மாவுக்கு மெஷின் சரியாகியிருக்குமா என்று என்னைக் கேட்பார், எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. திட்டு வாங்குவதற்குக்கூட ஏங்குகிற மனுஷியை நான் அப்போதுதான் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலை நான் அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காது மெஷின் வந்த பிறகும் அப்பாவின் கேள்விகள் குறையவில்லை. காது கேட்காததால் மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போது விளங்கிவிட்டது. மறதி மெல்ல உள்ளே வந்திருந்தது. கதவு பூட்டியாச்சா என்றார். அண்ணி பூட்டியாச்சு மாமா என்றார். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார். அண்ணி ஒரு கையால் மாவைப் பிசைந்துகொண்டே, இன்னொரு தடவையும் அதே குரலில், "பூட்டியாச்சு மாமா, நீங்க வேணும்னா ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்" என்றார். அப்பா போய் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி," என்றேன், "இப்போ நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

அண்ணி பிசைவதை நிறுத்தினார். பிறகு மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மிச்சம் வைங்கன்னு ஆண்டவர்கிட்ட நான்தானே கேட்டேன். பாத்திரத்தைப் பெருசாக்குவார்னு நெனச்சேன். ஊத்தற வேலையையே நிறுத்தி, என்னைக் கொண்டுபோய்க் கீழ் ரூம்ல போட்டுட்டார்." மூக்கில் மாவோடு நின்றுகொண்டு, "தண்டனைன்னு நெனச்சு இத்தனை நாள் முணுமுணுத்துட்டேனே" என்றார்.

அந்த வருடக் கடைசியில் அப்பாவுக்குக் குனிய முடியாமல் போனது. வாரம் ஒருமுறை அண்ணிதான் அவருக்கு நகம் வெட்டிவிடுவார். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, அவர் காலை அதில் ஊறப்போட்டு, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்து வெட்டுவார். வருடக்கணக்கில் ஓடுகிற ரயிலில் நின்ற கால்கள். பெருவிரல் நகம் மரக்கட்டை மாதிரி தடித்திருக்கும். அண்ணி அவசரப்பட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"பூட்டியாச்சு மாமா."

"அது இல்ல." அப்பா நிறுத்தினார். "நீ பொய் சொல்ல மாட்ட. வேலையே போனாலும் சொல்ல மாட்ட. அதனால உன்கிட்ட கேக்கறேன். அவ போனது என்னாலயா? எனக்கு விசுவாசம் பத்தாததாலயா?"

நான் துணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அத்தனை வருடங்களாக அந்த வார்த்தை அவருக்குள் இப்படி ஒரு கேள்வியாகக் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணி நகவெட்டியைக் கீழே வைத்தார். அவர் காலைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"இல்ல மாமா. உங்களால இல்ல."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. அத்தை ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய். நானும் அழுது அழுது கேட்டிருக்கேன், எனக்கும் பதில் வரல. ஆனா உங்களாலன்னு சொன்னது தப்பு. ஆண்டவர் அப்படிக் கணக்குப் பாக்கறவர் இல்ல. அவர் அப்படிப்பட்டவரா இருந்தா நான் இத்தனை வருஷம் அவர் பின்னாடி போயிருக்க மாட்டேன்."

அண்ணி துண்டை எடுத்து அவர் காலைத் துடைத்தார், துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அதோடு அண்ணி விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் வேலை முடிந்து நேராக அந்த மூப்பர் வீட்டுக்குப் போனார். அவருக்கும் வயதாகியிருந்தது, கையில் தடி. நடந்ததைச் சண்டையாக இல்லாமல், மறைக்காமலும் சொன்னார். அவர் திகைத்துப்போய், "எனக்கு அது ஞாபகமே இல்லையேம்மா" என்றாராம்.

"மாமாவுக்கு ஒரு நாளும் மறக்கல அய்யா. நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வாங்க."

அந்த சனிக்கிழமை வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரை அப்பா ஏற இறங்கப் பார்த்தார். அண்ணி நாற்காலி போட்டார். எனக்கு அவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட மனம் வரவில்லை. அண்ணி பார்த்த பார்வையில் எடுத்துக்கொண்டு போனேன்.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்று கேட்டார் மூப்பர்.

"சொன்னீங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல, குடிதண்ணிக் குழாய் பக்கத்துல நின்னு."

மூப்பர் தடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஞாபகம் இல்ல. ஆனா நான் அந்த வயசுல அப்படிப் பேசக்கூடிய ஆள்தான். ரொம்பப் பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

அப்பா காதுக்குப் பின்னால் கையை வைக்கவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை. "டீ குடிங்க" என்றார். பிறகு இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது அப்பா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அண்ணி ஜெபித்து முடித்ததும் எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தோம். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம்.

"ஆண்டவரே, நான்தான்" என்றார். "ரொம்ப நாளாச்சு."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு அப்பா இரண்டு வருடம் போல இருந்தார். முழங்கால் அனுமதித்த ஞாயிறுகளில் ஆலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். பிரசங்கம் நீளமாகப் போனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். மறதி முற்றியபோது எங்கள் பெயர்களெல்லாம் அவருக்குக் குழம்பிப்போயின. அண்ணியை மட்டும் "அந்த நெசம் பேசற பொண்ணு" என்று அடையாளம் சொல்வார். ஒரு மதியம் தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணி அழுத அளவுக்கு, பெற்ற மகள் நான்கூட அழவில்லை.

அலுவலகத்தில் அந்த வரி இன்னும் திரையில் வருகிறதாம். மேலாளர்கள் மாறினார்கள், வரி மாறவில்லை. அண்ணி இன்னும் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார். அதில் அவருக்கு வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், மேலே அதை வாசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக இருக்கிறது என்பார்.

போன ஞாயிறு நான் அங்கே போனபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அண்ணி அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்ததும் அண்ணி பாதியில் நிறுத்தினார். எங்கே இனிமையாக ஏதாவது சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன்.

"நீ உக்காரு," என்றார், "இன்னும் ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு. முடிச்சிட்டு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்."